நாற்பது பேர் முன்னால்

ஜூன் 3

அன்புள்ள சுண்டுவுக்கு,

உன் அம்மா சொல்லித்தான் எழுதுகிறேன். "போன்ல பேசினா மூணாவது நிமிஷம் நீங்க கத்துறீங்க, நாலாவது நிமிஷம் அவ வெச்சுடுறா. எழுதித் தொலைங்க. கை வலிக்கும்போதாவது கொஞ்சம் நிதானம் வரும்" என்றாள். கை வலிக்கத்தான் செய்கிறது. வருகைப் பதிவேட்டில் டிக் போடுவதைத் தவிர நான் பேனாவைத் தொட்டு வெகுகாலம் ஆகிறது.

நீ பெரியம்மா வீட்டுக்குப் போய் இன்றோடு பத்தொன்பது நாள். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுக் கோபத்தில் போனாய். என் பக்கத்தையும் கேள். எங்கள் லிஃப்ட் கம்பெனியில் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த நாற்பது பேருக்கு நான்தான் பயிற்சி அதிகாரி. அன்று மேலாளர் என்னை அரைமணி நேரம் பேசச் சொன்னார். 'இளைஞர்களும் ஊக்கமும்' என்று தலைப்பு. முதல் வரிசையிலேயே மூன்று பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். "எங்க வீட்லயே ஒருத்தி இருக்கா" என்றுதான் ஆரம்பித்தேன். உன் பெயரைச் சொல்லவில்லை. எவனோ அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் சொன்னதில் பொய் என்ன? இரண்டு மாதம், தினமும் காலை எட்டு மணிக்கு உன்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டேன். நீ முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறியிருக்கிறாய். கல்லூரியிலிருந்து பதிவுத் தபால் வந்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. தபால்காரர் நிற்கும்போதே பிரித்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர், "ஏதாவது கெட்ட சேதியா சார்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு உனக்குப் பதினோரு மணி வரை தூக்கம். கேட்டால் "மூட் இல்லப்பா."

இத்துடன் மறுசேர்க்கைப் படிவம் வைத்திருக்கிறேன். ஜூலை பத்துக்குள் உன் கையெழுத்தோடு போய்ச் சேர்ந்தால் கணக்கியல் இரண்டாம் ஆண்டைத் தொடரலாம். தாண்டினால் இடம் போய்விடும். துறைத் தலைவரைப் பார்க்க மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்து வாங்கிய படிவம் இது. கையெழுத்துப் போட்டு அனுப்பு. மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பெரியம்மாவின் இடுப்பு எலும்பு எப்படி இருக்கிறது?

அப்பா


ஜூன் 9

அப்பாவுக்கு,

பெரியம்மாவுக்குப் பரவாயில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை நடக்கிறார். வெளியே போக வீல்சேர்தான்.

படிவம் திரும்ப வருகிறது. கையெழுத்து இல்லை.

பெயர் சொல்லவில்லை என்கிறீர்கள். உங்களுக்கு இருப்பது ஒரே பெண். அது உங்கள் கம்பெனி வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். அந்த வீடியோவை எனக்குப் பதினொரு பேர் அனுப்பினார்கள். அதில் ஒருத்தி பள்ளியில் என்னோடு படித்தவள். நாலு வருஷமாக ஒரு வார்த்தை பேசாதவள். "இது உங்க அப்பாதானே?" என்று கேட்டுப் பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம் போட்டிருந்தாள். மூன்று நிமிஷம் நாற்பது நொடி. எனக்கு மனப்பாடம். "அவளுக்குச் சாப்பாடு இருக்கு, ஃபேன் இருக்கு, போன் இருக்கு. இல்லாதது ஒண்ணுதான். எழுந்திருக்கணும்ங்கிற எண்ணம்." அந்த இடத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரிக்கிறீர்கள். வீட்டில் நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பின்வாசல் விஷயம் உண்மை. அது தப்பு. ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு நீங்கள் கையசைத்துவிட்டுப் போவீர்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் பின்பக்கம் நடப்பேன். பூங்காவில் உட்கார்ந்திருப்பேன். பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புவேன். சந்தோஷமாக ஊர் சுற்றினேன் என்று நினைத்திருந்தால், இல்லை.

தூங்கினதும் உண்மை. அதில் பாதி சோம்பேறித்தனம் என்று ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியைப் பற்றி நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "ஏன் இன்னும் எழுந்திருக்கலை?" என்று கேட்டீர்கள். அது கேள்வி இல்லை அப்பா. அலாரம்.

முதல் வருஷம் எல்லாப் பாடத்திலும் எண்பதுக்குக் குறையாமல் வாங்கினேன். அப்போது எனக்கு ஊக்கம் இருந்ததாக நினைத்தீர்கள், பக்கத்து வீட்டில் சொல்லிச் சந்தோஷப்பட்டீர்கள். பிடிக்காத ஒன்றைப் பிடித்த மாதிரி தினமும் செய்ய எவ்வளவு தெம்பு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒருநாள் அது தீர்ந்துவிட்டது. நடந்தது அவ்வளவுதான்.

சுண்டு என்று எழுதாதீர்கள். எனக்கு இருபது வயது.

உங்கள் மகள்


ஜூன் 16

மகளுக்கு,

சுண்டு என்று எழுதவில்லை. திருப்திதானே?

பிடிக்காததைச் செய்யத் தெம்பு வேண்டும் என்று எனக்கே சொல்கிறாய். இருபத்தாறு வருஷம் நான் தினமும் பிடித்துத்தான் எழுந்தேனா? மழைக்காலத்தில் லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் குழியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். வாளியால் இறைத்துக் கொட்டிவிட்டு, அந்தச் சேற்றில் மண்டி போட்டு வேலை பார்த்தேன். "இன்னிக்கு எனக்கு மூட் இல்லை" என்று நான் சொல்லியிருந்தால் எட்டாம் மாடியில் இருக்கிற கர்ப்பிணி படியேறியிருப்பாள். பிடிக்கிறதா இல்லையா என்று எங்களை யாரும் கேட்டதில்லை. நாங்களும் எங்களைக் கேட்டுக்கொண்டதில்லை.

அந்த நாற்பது பேரில் பதினேழு பேர் போய்விட்டார்கள், ஆறே மாதத்தில். ஒருவன் மதியம் டீ குடிக்கப் போகிறேன் என்று ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். நிர்வாகம் என்னிடம் அறிக்கை கேட்டிருக்கிறது. 'இளம் பணியாளர்களிடம் ஊக்கமின்மை: காரணங்களும் தீர்வும்.' மேற்பார்வையாளர்கள் ஒன்பது பேரிடமும் எழுதி வாங்கினேன். ஒன்பது பேரும் பேசிவைத்த மாதிரி எழுதியிருக்கிறார்கள். கையில் போன், வீட்டில் செல்லம், வயிற்றில் பசி இல்லை. ஒருவர் மட்டும் 'முதுகெலும்பு இல்லை' என்று சேர்த்திருக்கிறார்.

ஆறு பக்கம் எழுதி முடித்துவிட்டேன். ஒரு நகல் இத்துடன் இருக்கிறது. உன்னைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, பயப்படாதே. உன் வயதுக்காரர்களைப் பற்றிப் பெரியவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நீயும் தெரிந்துகொள்.

படிவத்தையும் மறுபடி வைத்திருக்கிறேன். ஜூலை பத்து. மறந்துவிடாதே.

அப்பா


ஜூன் 25

அப்பாவுக்கு,

தாமதத்துக்குக் காரணம், நான் வேலைக்குப் போகிறேன்.

பெரியம்மாவின் வீல்சேரில் பிரேக் பிடிக்கவில்லை. அதைத் தள்ளிக்கொண்டு மருத்துவமனைக்குப் பின்தெருவில் இருக்கிற ஒரு பட்டறைக்குப் போனேன். நடத்துவது ஓர் அக்கா. அன்று அவருக்கு ஆள் வரவில்லை. வாசலில் ஒன்பது வீல்சேர் வரிசையாக நின்றன. "உக்காரும்மா, மத்தியானம் ஆகும்" என்றார். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. முன்சக்கரங்களை நான் கழற்றித் தரட்டுமா என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஸ்பேனரைக் கொடுத்தார்.

முன்சக்கரத்தின் அச்சில் என்ன சுற்றியிருக்கும் தெரியுமா? தலைமுடி. தரையில் கிடக்கிற முடியும் நூலும் போய்ச் சுற்றிச் சுற்றி இறுகி, பேரிங்கையே நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். பிளேடால் கீறி, கொக்கியால் இழுத்து எடுக்க வேண்டும். சாயந்திரத்துக்குள் நானும் அக்காவும் ஐந்து நாற்காலி முடித்தோம். ஒரு தாத்தா தன் நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தார். அது நகர்ந்தது. தெருமுனை வரை போய்விட்டு, வேண்டுமென்றே இன்னொரு தடவை திரும்பி வந்தார். மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸுக்கு நான் நிறுத்தத்தில் நின்றேன். யாரும் என்னை எழுப்பவில்லை.

அறிக்கையைப் படித்தேன். பென்சிலால் குறித்து இத்துடன் வைத்திருக்கிறேன். 'அவர்கள்' என்ற சொல் ஆறு பக்கத்தில் ஐம்பத்து மூன்று தடவை வருகிறது. அந்த அவர்களில் ஒருத்தர்கூட எங்கேயும் வாயைத் திறக்கவில்லை. ஒரு லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவரிடம்தானே முதலில் பேசுவீர்கள்? வெளியே நிற்கிற ஒன்பது பேரிடமா கேட்பீர்கள்? டீ குடிக்கப் போனவன் ஏன் திரும்பவில்லை என்று அவனையே கேட்டீர்களா?

இன்னொன்று. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். பள்ளி முடித்ததும் உங்கள் பயிற்சி மையத்திலேயே சேர்கிறேன் என்று சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "அந்த கிரீஸ் என்னோட போகட்டும்" என்றீர்கள். ஒரு வாரம் திரும்பத் திரும்பக் கேட்டேன். எட்டாவது நாள் மேசையில் கணக்கியல் விண்ணப்பம் இருந்தது. அந்த வேலையில் ஆர்வம் இல்லை என்று நாற்பது பேரைத் திட்டுகிறீர்கள். ஆர்வமாக வந்த ஒருத்தியை வேண்டாம் என்றீர்கள். உங்கள் அறிக்கையில் எனக்கு எந்தப் பக்கத்தில் இடம்?

படிவத்தை இந்தத் தடவை திருப்பி அனுப்பவில்லை. தபால்தலை வீண். கிழித்துவிட்டேன்.

மகள்


ஜூலை 2

மகளுக்கு,

'அவர்கள்' எத்தனை தடவை வருகிறது என்று எண்ணத் தெரிகிறது. கணக்கியல் படிக்க மட்டும் கசக்கிறது.

பதினைந்து வருஷம் உன்னைப் படிக்க வைத்தது, யாரோ உட்கார்ந்த நாற்காலியிலிருந்து முடி பிடுங்கவா? உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள்.

நீ இப்போது எழுதுகிறதெல்லாம் நான் முன்பே பார்த்ததுதான். எதுவும் முதல் வாரம் பிடிக்கத்தான் செய்யும். ஓவிய வகுப்பு பிடித்தது, மூன்று மாதம். நீச்சல் பிடித்தது, ஒரு கோடை. கிதார் இல்லாமல் சோறு இறங்காது என்றாய். அது இன்னும் அலமாரிக்கு மேலே உறை போட்டுக் கிடக்கிறது. இந்த நாற்காலிப் பட்டறை எத்தனை நாள் என்று நான் பார்க்கத்தானே போகிறேன். பிடிக்கிற வரை செய்வதற்கு ஊக்கம் என்று பெயர் இல்லை. பிடிக்காமல் போன பிறகும் செய்கிறான் பார், அதற்குத்தான் அந்தப் பெயர்.

கிரீஸ் விஷயத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. எல்லாக் காரணத்தையும் பிள்ளைகளிடம் வந்து சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இன்னும் எட்டு நாள் இருக்கிறது. நீ செய்யாவிட்டால் நான் செய்ய வேண்டியதைச் செய்வேன்.

அப்பா


ஜூலை 14

அப்பாவுக்கு,

நேற்று மத்தியானம் கல்லூரியிலிருந்து போனுக்குச் செய்தி வந்தது. 'மறுசேர்க்கைக்கு நல்வரவு. வகுப்புகள் பதினெட்டாம் தேதி தொடங்கும்.' ஏதோ தவறுதலாக வந்திருக்கிறது என்று அலுவலகத்தைக் கூப்பிட்டேன். அங்கிருந்த பெண் அலுவலர் பொறுமையாகப் படிவத்தைப் படம் எடுத்து அனுப்பினார். கீழே என் கையெழுத்து இருந்தது. கடைசி எழுத்தில் நான் போடுகிற வளைவுகூட அப்படியே இருந்தது. எத்தனை தடவை எழுதிப் பழகினீர்கள்?

கையில் கிரீஸோடு நின்றுகொண்டு அந்தப் படத்தையே பார்த்தேன். அக்கா, "யாராவது போய்ட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தேன்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பதை அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

நான் பின்வாசல் வழியாகப் போனதை நாற்பது பேரிடம் சொன்னீர்கள். இதை எத்தனை பேரிடம் சொல்லப் போகிறீர்கள்? நான் உங்களிடம் பொய் சொன்னேன். நான் நீங்களாக நடித்து, உங்கள் பெயரில் பொய் சொல்லவில்லை.

விலகல் கடிதத்தை நேற்றே நானே எழுதி அனுப்பிவிட்டேன். நகல் இத்துடன். கீழே இருப்பதுதான் என் கையெழுத்து. வேண்டுமென்றால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.


ஆகஸ்ட் 11

மகளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். நாலு வாரம் எழுதவில்லை. அந்த நாலு வாரமும் உன் அம்மா என்னோடு பேசவில்லை. தட்டு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், பேச்சு மட்டும் கிடையாது. டிவி சத்தத்தில்தான் சாப்பிடுகிறேன்.

பதினான்கு தடவை. நீ கிழித்ததற்குப் பதிலாக இன்னொரு படிவம் வாங்கி வந்து, முதலில் ஒரு பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிப் பழகினேன். கேட்டாய் என்பதால் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் ஒருவன் இன்னொருவனின் கையெழுத்தைப் போட்டால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். படிவத்தைக் கொடுத்துவிட்டுக் கல்லூரிப் படியில் இறங்கும்போது அது எனக்குத் தோன்றியது. தோன்றியும் திரும்பிப் போய் வாங்கவில்லை. தப்பு என்னுடையது. உன் நல்லதுக்குத்தான் என்று எழுதிப் பார்த்தேன், அந்த வரியை அடித்துவிட்டேன்.

உன் பென்சில் குறிப்புகளை ஒரு வாரம் டிராயரில் போட்டுப் பூட்டியிருந்தேன். பிறகு பயிற்சி மையத்தில் ஒரு பெட்டி வைத்தேன். பெயர் வேண்டாம், தோன்றுவதை எழுதிப் போடுங்கள் என்றேன். மிச்சம் இருக்கிற இருபத்து மூன்று பேரில் பத்தொன்பது பேர் எழுதினார்கள். விட்டுப்போனவர்களில் ஆறு பேரைப் போனில் பிடித்தேன். ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போனவன் இப்போது ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறான். பிடிக்காமல் போனது என்னப்பா என்று கேட்டேன். "ஆறு மாசம் டூல் பாக்ஸைத் தூக்கினேன் சார். ஒரு நாள்கூட அதைத் திறக்க விடலை. கேட்டா, பாத்துக் கத்துக்கோன்னாங்க. நான் பாத்தது அவங்க முதுகைத்தான்" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு பெண் எழுதியிருந்தாள்: "ஏன்னு கேட்டா எதிர்த்துப் பேசுறேன்னு எழுதுறீங்க. கேட்காம இருந்தா ஆர்வம் இல்லைன்னு எழுதுறீங்க. நான் என்ன செய்யணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க."

இன்னொரு தாள், கோழி கிளறின மாதிரி எழுத்து. "உங்க பொண்ணைப் பத்தி எங்ககிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. நாளைக்கு எங்களைப் பத்தி யார்கிட்ட சொல்வீங்களோன்னு நினைச்சேன். அன்னையிலிருந்து உங்க வகுப்புல காது குடுத்துக் கேக்கிறதில்லை." இதைப் படித்துவிட்டு மேலே மோட்டார் அறைக்குப் போய் நின்றேன். அங்கே இருக்கிற சத்தத்தில் எதையும் யோசிக்க முடியாது.

எல்லாவற்றையும் சேர்த்து அறிக்கையைப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். மேலாளர் இரண்டு பக்கம் புரட்டினார். "காரணம்தானே கேட்டோம், புகார் கேட்கலையே" என்றார். மேற்பார்வையாளர்கள் எழுதினதை மட்டும் வைத்து ஒரே பக்கமாகச் சுருக்கித் தர வேண்டுமாம். தீர்வு, இன்னொரு ஊக்க வகுப்பாம். இருபதாம் தேதி. பேசப் போவது நான். "போன தடவை நல்லா சிரிக்க வெச்சீங்களே" என்று தோளில் தட்டினார்.

கிரீஸ் விஷயம். என்னோடு லிஃப்ட் வேலை பார்த்த சீட்டி மாமாவை ஞாபகம் இருக்கும், உனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது இறந்துபோனவன். மாரடைப்பு என்று உன்னிடம் சொன்னோம். மாரடைப்பு இல்லை. ஏழாம் மாடியில் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தான். லிஃப்ட் அங்கே இல்லை. நான் மேலே மோட்டார் அறையில் இருந்தேன். இரண்டு பேருக்கும் அது பதினெட்டாவது மணி நேரம், இடையில் ஓய்வு கிடையாது. விசாரணையில் 'கவனக்குறைவு' என்று ஒரே வார்த்தையில் எழுதி முடித்தார்கள். சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். போடாவிட்டால் எனக்கு வேலை இல்லை.

நீ அந்த வேலைக்கு வருகிறேன் என்றபோது என் கண்ணுக்கு அந்தக் கதவுதான் தெரிந்தது. நீ தெரியவில்லை. இப்போது 'ஊக்கமின்மை' என்று தலைப்பு எழுதிய தாளைப் பார்த்தால், அன்றைக்கு எழுதிய அந்த ஒரு வார்த்தை ஞாபகம் வருகிறது. இரண்டுமே எழுதுகிறவனுக்குச் சௌகரியமான வார்த்தைகள்.

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அப்பா


ஆகஸ்ட் 17

அப்பாவுக்கு,

எனக்கு விரலை வைத்துச் சீட்டி அடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் சீட்டி மாமா. பதினோரு வருஷமாக அவருக்கு இதயம் பலவீனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "உனக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் நான் சரி என்று கணக்கியலுக்குப் போயிருப்பேன் என்று நினைக்காதீர்கள். சண்டைதான் போட்டிருப்பேன். ஆனால் உண்மையான காரணத்தோடு சண்டை போட்டிருப்பேன். இந்த இரண்டு வருஷமும் நான் அந்த வேலைக்கு லாயக்கில்லை என்று நீங்கள் நினைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பயந்திருக்கிறீர்கள். அது எனக்குத் தெரியவே தெரியாது. உங்களுக்குப் பயம் வரும் என்பதே எனக்குத் தெரியாது.

கையெழுத்து விஷயத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்த மாதிரி எழுதினால் அதுவும் நடிப்புதான்.

இருபதாம் தேதி பேச வேண்டாம் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வது எனக்குச் சுலபம். வேலை உங்களுடையது, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். என்னைப் பற்றி நல்ல விதமாகவும் பேச வேண்டாம். 'என் பொண்ணு இப்ப மாறிட்டா, காலைல ஏழு மணி பஸ்ல வேலைக்குப் போறா' என்று என்னை இன்னொரு உதாரணம் ஆக்கிவிடாதீர்கள். அது முதல் வீடியோவைவிட மோசமாக இருக்கும்.

மகள்


ஆகஸ்ட் 24

மகளுக்கு,

வகுப்பு நடந்தது. நீ அம்மாவிடம் விசாரிப்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

இருபத்தொரு பேர் வந்திருந்தார்கள். மேலாளர் கடைசி வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் தாளில் ஏதேதோ எழுதிக்கொண்டு போயிருந்தேன். எதையும் படிக்கவில்லை. "போன தடவை இதே இடத்துல நின்னு எங்க வீட்டு விஷயம் ஒண்ணு சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீங்க சிரிச்சது உங்க தப்பு இல்லை, சிரிக்க வெச்சது என் தப்பு" என்றேன். இதைச் சொன்னதும் ஏதாவது நடக்கும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. ஒருவன் கூரையைப் பார்த்தான். ஒருவன் வாயை மூடாமலே கொட்டாவி விட்டான்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அப்போ இன்னிக்கு எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க சார்?" கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். மேலாளரைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "தெரியலம்மா" என்றேன்.

மிச்சம் இருந்த நேரத்தில் அவர்களைக் கீழே பயிற்சிக்காக வைத்திருக்கிற லிஃப்ட்டுக்குக் கூட்டிப்போய், பிரேக் மூடியை அவர்களையே கழற்றச் சொன்னேன். எட்டு ஒன்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள். மற்றவர்கள் சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஓடி வந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

மறுநாள் என் மேசையில் ஒரு தாள் இருந்தது. பயிற்சிப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றம். அங்கே ஜன்னல் கிடையாது. நட்டும் போல்ட்டும் அளவுவாரியாக அடுக்கி இருக்கின்றன. எதற்கும் ஊக்கம் தேவையில்லை. வகுப்பு முடிந்த அதே வாரத்தில் இன்னும் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். ஒருவன் பிரேக் மூடியைக் கழற்றினவன். சரியாகச் செய்தான் என்று நான் நினைத்தவன். எதற்குப் போனான் என்று கேட்க இப்போது எனக்கு அதிகாரம் இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

உன் அம்மா நேற்று பேசினாள். "சாப்பிட வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

அப்பா


ஆகஸ்ட் 30

அப்பா,

கிடங்கு விஷயத்தை அம்மா முந்தாநாளே சொன்னாள். உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். ஆறுதல் எழுத உட்கார்ந்தேன், நாலு வரியும் பொய்யாக இருந்தது, கிழித்துவிட்டேன்.

நீங்கள் மன்னிப்புக் கேட்டதை யாரும் படம் பிடிக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு ஒருத்தரும் அனுப்பவில்லை. பள்ளித் தோழிக்கு அது தெரியவே போவதில்லை. நீங்கள் எழுதாவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

நான் ஒன்று சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள். பட்டறையில் போன வாரம் ஒரு பெண்ணைச் சேர்த்திருக்கிறோம். பதினேழு வயது. அக்காவின் தங்கை மகள். வந்ததிலிருந்து மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து போனையே பார்க்கிறாள். பஞ்சர் ஒட்டச் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறாள். வியாழக்கிழமை அவள் சரியாக முறுக்காமல் விட்ட நட்டு கழன்று, வீல்சேரில் இருந்த ஒரு அம்மா வாசல்படியிலேயே சாயப் பார்த்தார். நான்தான் ஓடிப் பிடித்தேன். உள்ளே வந்து அவளிடம் கத்தினேன். "சோறு கிடைக்குது, ஃபேன் ஓடுது, உனக்கு என்னதான் குறை?" என்று கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் அது யார் குரல் என்று எனக்குத் தெரிந்தது.

சாயந்திரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்கு என்ன பிடிக்கும், ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். நிதானமாகத்தான் கேட்டேன். "தெரியலக்கா" என்றாள். மறுநாளும் கேட்டேன். "தெரியலைன்னு சொன்னேன்ல" என்றாள். கேட்டால் போதும், பதில் வந்துவிடும் என்று உங்களுக்கு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதினேன். வரவில்லை. அவளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அவளைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இருப்பது ரொம்பக் களைப்பு. உங்களுக்கு நாற்பது பேர். எனக்கு ஒருத்திக்கே மூச்சு வாங்குகிறது.

பட்டறையில் நான் இரண்டு வருஷம் இருப்பதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகும் பிடிக்குமா என்று இப்போது தெரியாது. கிதார் மாதிரி ஆகிவிடுமோ என்று எனக்கே சில நாள் பயமாக இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு இப்போது வர மாட்டேன். நீங்கள் வாருங்கள். அம்மாவையும் கூட்டி வாருங்கள். சனிக்கிழமை பட்டறை அரை நாள்தான். பெரியம்மா வீட்டுக்குப் போக வேண்டாம், நேராக இங்கே வந்துவிடுங்கள். மருத்துவமனைக்குப் பின்தெரு, நீலக் கதவு. ஒரு மணிக்கு முன்னால் வந்தால் வாசலில் காத்திருக்க வேண்டியிருக்கும். கையில் இருக்கிற வேலையை நடுவில் விட்டு நான் எழுந்து வர மாட்டேன். உட்கார பெஞ்ச் இருக்கிறது.

உங்கள் மகள்